பார்கூர் க்ளாஸ்ல முதல் மூணு மாசம் ஏன் தரையிலயே போகுது

பார்கூர் க்ளாஸ்ல சேர்ந்துட்டேன்னு சொன்னதும் மதுரையில இருந்து போன்ல பேசிட்டிருந்த அக்கா கேட்ட முதல் கேள்வி, "ஏன்டா, மாடி விட்டு மாடி தாவப் போறியா, ரெண்டு புள்ளைங்க இருக்குல்ல உனக்கு?" அந்தப் பயம் நியாயமான பயம்தான். பார்கூர்னா சுவர், கைப்பிடி, படிக்கட்டுன்னு வழியில வர்ற தடைகளை ஓடியும் தாவியும் ஏறியும் கடந்து போற பயிற்சி. வாட்ஸப்ல சுத்துற வீடியோ எல்லாமே அப்படித்தான் இருக்கு, ஒருத்தன் மொட்டை மாடி விளிம்புல நிக்கறான், ஓடி வர்றான், அந்தப் பக்கம் போய் விழுந்து எழுந்து மறுபடி ஓடறான். ஆனா நான் இங்க லண்டன்ல சேர்ந்து நாலு மாசம் ஆகப்போகுது, முதல் ஆறு வாரம் எங்களை இடுப்பு உயரத்துக்கு மேல எதுலயும் ஏறவே விடல. அதுக்கு அப்புறமும் பாதி நேரம் தரையிலதான்.

ஆரம்பத்துல இது எனக்கே புரியல. வயசு முப்பத்தேழு, கொஞ்சம் ஓட்டம் எல்லாம் பழக்கம் உண்டு, சின்ன வயசுல கிணத்துல குதிச்சவன், மதில் ஏறினவன், அப்படி இருக்கறப்ப எதுக்கு இப்படி குழந்தையை நடக்க வைக்கற மாதிரி பண்றாங்கன்னு தோணுச்சு. கொஞ்ச நாள் போன பிறகு இந்த பார்கூர் எங்க இருந்து வந்துச்சு, யார் எதுக்காகப் பண்ண ஆரம்பிச்சாங்கன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன், அப்பதான் க்ளாஸ்ல நடக்கற ஒவ்வொண்ணுக்கும் காரணம் பிடிபட்டுச்சு. தாண்டறதை விட தரைக்கு வர்றதுதான் இதுல பாடமே. யாராவது புதுசா சேரலாம்னு யோசிச்சிட்டிருந்தா அவங்களுக்கு இது உதவும்னுதான் எழுதறேன்.

முதல்ல க்ளாஸ் எப்படி இருக்கும்னு சொல்லிடறேன். ரயில் பாலத்துக்கு அடியில வளைவு வளைவா இருக்கற இடங்கள்ல ஒண்ணுலதான் நடக்குது. உள்ள ப்ளைவுட் பாக்ஸ், ஒண்ணு முழங்கால் உயரம், ஒண்ணு இடுப்பு, ஒண்ணு நெஞ்சு உயரம். நம்ம ஊர்ல கட்டடத்துக்கு சாரம் கட்டுவாங்கல்ல, அந்த மாதிரி இரும்புக் குழாய்ங்களை சேர்த்து ஒரு கூடு மாதிரி கட்டி வச்சிருக்காங்க, தொங்கறதுக்கும் மேல நடக்கறதுக்கும். ஒரு மூலையில க்ராஷ் மேட், அதாவது விழறதுக்குப் போட்ட மொத்தமான மெத்தை. ஒரு மணி நேரத்துல முதல் இருபது நிமிஷம் வார்ம் அப், அதுல பத்து நிமிஷம் நாலு கால்ல நடக்கறது. கையும் காலும் தரையில, முட்டி தரையில படக்கூடாது, இடுப்பைத் தூக்காம, முன்னால போகணும், பின்னால போகணும், பக்கவாட்டுல போகணும், அப்புறம் அப்படியே குழாய் மேல. பாக்கறதுக்கு சின்ன வேலை மாதிரி இருக்கும், மூணாவது நிமிஷத்துல தோள்பட்டை எரிய ஆரம்பிக்கும். கீபோர்ட் தட்டித் தட்டிப் பழகின மணிக்கட்டு உடம்போட பாரத்தைத் தாங்கிப் பழகணும்னா இதுதான் வழி, ஏன்னா பின்னாடி ஒரு சுவரைத் தாண்டறப்ப ஓடி வர்ற வேகத்தோட மொத்த எடையும் ஒரு நொடி ரெண்டு உள்ளங்கையில வந்து நிக்கும்.

அடுத்தது லேண்டிங். முழங்கால் உயர பாக்ஸ் மேல ஏறி நின்னு கீழ இறங்கறது, அவ்வளவுதான். இதை முதல் நாள் நாப்பது அம்பது தடவை பண்ணிருப்பேன். எங்க கோச் விதி ஒண்ணே ஒண்ணு வச்சார், சத்தம் கேக்கக் கூடாது. எனக்குப் பக்கத்துல ஒரு இலங்கைத் தமிழ்ப் பையன், பிறந்து வளர்ந்தது லண்டன்தான், வீட்டுல பேசற யாழ்ப்பாணத் தமிழ் வாயில அப்படியே இருக்கு, எனக்கு ஒரு வருஷம் முன்னாடியே சேர்ந்தவன். நான் குதிச்சதும் பொத்துன்னு சத்தம். "அண்ணா, சத்தம் வருது, இன்னொருக்கா செய்யுங்கோ" அப்படின்னான். மறுபடி குதிச்சேன், இப்ப குதிகால் மட்டும் கடைசியில டக்குன்னு தட்டுச்சு. "இப்ப குதிகால்தான் கேக்குது, அதை மெதுவா வையுங்கோ, நான் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறன், எனக்கு நீங்க இறங்கினது தெரியக்கூடாது." அவன் நிஜமாவே திரும்பி நின்னு கண்ணை மூடிக்கிட்டான். எட்டாவதோ ஒன்பதாவதோ தடவையில "இறங்கிட்டீங்களோ?"ன்னு கேட்டான். அந்தக் கேள்வி குடுத்த சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கு.

சத்தத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்னா, சத்தம்ங்கறது உடம்பு வாங்கற அடியோட அளவு. ஸ்கூல் பிசிக்ஸ் போதும் இதுக்கு. ஒரு மீட்டர் உயரத்துல இருந்து இறங்கினா தரையைத் தொடறப்ப வேகம் நொடிக்கு 4.4 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர், ஒரு சைக்கிள் போற வேகம். அந்த வேகத்தை எங்கயாவது நிறுத்தியாகணும். காலை விறைப்பா வச்சு 5 சென்டிமீட்டர் தூரத்துல நிறுத்தினா அந்த நேரத்துல உடம்புல ஏறற சராசரி விசை உடல் எடையைப் போல 21 மடங்கு. அதையே கணுக்கால், முட்டி, இடுப்பு மூணையும் வரிசையா மடக்கி 50 சென்டிமீட்டர்ல நிறுத்தினா 3 மடங்குதான். 70 கிலோ ஆளுக்கு ஒண்ணு ஒன்றரை டன்னுக்கு கிட்ட, இன்னொண்ணு 210 கிலோ. விழுந்த உயரம் ஒண்ணுதான், ஆள் ஒண்ணுதான், மாறினது நிறுத்தின தூரம் மட்டும். நேரமா பாத்தா முதல்ல சொன்னது நொடியில சுமார் நாப்பத்தஞ்சுல ஒரு பங்கு, ரெண்டாவது கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவு. கிரிக்கெட் பந்தைப் பிடிக்கறப்ப கையைப் பின்னால இழுத்துக்கிட்டே பிடிக்கறோம்ல, அதே சங்கதி, இங்க பந்து நாமதான்.

2013ல நியூசிலாந்து ஆராய்ச்சியாளர்கள் இதை விசை அளக்கற தட்டு வச்சு அளந்து பாத்திருக்காங்க. அனுபவம் உள்ள பார்கூர் ஆளுங்களை பார்கூர் முறையிலயும், வழக்கமா ஸ்போர்ட்ஸ்ல சொல்லித்தர்ற முறையிலயும் இறங்க வச்சாங்க. பார்கூர் முறையில, அதாவது முன்பாதத்துல இறங்கறதுலயும் உருண்டு எழறதுலயும், உச்ச விசை குறைவா இருந்துச்சு, அந்த விசை ஏறற வேகமும் குறைவா இருந்துச்சு. வாசிச்சப்ப எனக்கு ஆச்சரியமா இருந்தது என்னன்னா, இந்த முறையைக் கண்டுபிடிச்ச பசங்க யாரும் லேப்ல உக்காந்து கண்டுபிடிக்கல, கான்க்ரீட்ல குதிச்சுக் குதிச்சு, வலிக்கறது எது வலிக்காதது எதுன்னு பாத்துப் பாத்து வந்து சேர்ந்தது.

விவரமா சொன்னா முன்பாதம் முதல்ல படணும், குதிகால் தரைக்கு வரலாம், ஆனா அறையக்கூடாது. முட்டி கால் விரல் போற திசையிலயே மடங்கணும், உள்ளுக்குள்ள ரெண்டும் முட்டிக்கற மாதிரி சரிஞ்சா முட்டியில இருக்கற தசைநாருக்கு ஆபத்து. ரொம்ப ஆழமா உக்காந்துடக் கூடாது, முட்டி தொண்ணூறு டிகிரிக்கு மேல மடங்கிட்டா திரும்ப எழுந்து ஓடறது கஷ்டம், முட்டிச் சில்லுக்கும் பாரம் ஜாஸ்தி. மீதி வேகம் இருந்தா கையை முன்னால தரையில வச்சு அதுக்குக் குடுத்துடலாம். நான் பாத்த வரைக்கும் புதுசா வர்றவங்க எல்லாருமே, நானும் சேர்த்துத்தான், காத்துல இருக்கறப்பவே காலை விறைச்சுக்கறோம், பயத்துல உடம்பு தானா அப்படிப் பண்ணுது, அதை மாத்தறதுக்குத்தான் அந்த நாப்பது அம்பது தடவை.

உயரம் கூடினாலோ முன்னால போற வேகம் நிறைய இருந்தாலோ கால் மட்டும் பத்தாது, அப்பதான் ரோல். ஸ்கூல்ல ஜிம்னாஸ்டிக்ஸ்ல கத்துக்கிட்ட குட்டிக்கரணம் வேற, இது வேற. குட்டிக்கரணம் முதுகெலும்பு மேலயே நேரா உருளும், மெத்தையில அது சரி, சிமெண்டுத் தரையில ஒவ்வொரு எலும்பு முண்டும் தனித்தனியா தரையில படும். பார்கூர் ரோல் குறுக்கா போகும், வலது தோள்பட்டைக்குப் பின்பக்கச் சதையில ஆரம்பிச்சு முதுகுல கோணலா வந்து இடது இடுப்புப் பக்கத்துல முடியும். தலை தரையைத் தொடவே கூடாது, முகத்தைத் திருப்பி அக்குள் பக்கம் பாக்கணும். கீழ வர்ற வேகத்தை முன்னால போற உருட்டலா மாத்தி, அடியை நேரத்துலயும் பரப்பறோம், உடம்புலயும் பரப்பறோம். இதை முதல்ல முட்டி போட்டு மேட்ல, அப்புறம் குந்தி உக்காந்து, அப்புறம் நின்னு, அப்புறம் மேட்டை எடுத்துட்டு மரத்தரையில, அப்புறம்தான் முழங்கால் பாக்ஸ்ல இருந்து. மரத்தரையில பண்ண முதல் நாள் காறை எலும்புக்குப் பக்கத்துலயும் இடுப்பெலும்புலயும் ரெண்டு நீலத் தடம். அந்தத் தடம் இருக்கற இடமே தப்பு எங்கன்னு சொல்லிடும், தோள்ல மேல்பக்கம் இருந்தா தோளை நீட்டாம நேரா இடிச்சிருக்கோம்னு அர்த்தம். மெத்தையிலயே பண்ணிட்டிருந்தா இது தெரிய வராது, மெத்தை தப்பை மூடி மறைச்சிடும்.

இப்ப இது எங்க இருந்து வந்துச்சுன்னு பாப்போம், ஏன்னா இந்தப் பொறுமை எல்லாம் அங்க இருந்து வந்ததுதான். பார்கூர்னு சொன்னா டேவிட் பெல் பேர் முதல்ல வரும், ஆனா கதை அவர் அப்பா ரேமோன் பெல்ல இருந்து ஆரம்பிக்கணும். அவர் 1939ல வியட்நாம்ல பிறந்தவர், அது அப்ப பிரெஞ்சு இந்தோசீனா. (நம்ம பாண்டிச்சேரிக்காரங்க சைகோன்ல அரசாங்க வேலை பாத்துட்டும், செட்டியார்கள் அங்க வட்டிக்கடை வச்சும் இருந்த அதே காலம்.) சண்டைக் காலத்துல குடும்பத்தை விட்டுப் பிரிஞ்சு தலாத்ங்கற ஊர்ல இருந்த ராணுவப் பள்ளிக்கூடத்துல வளர்ந்தார். பகல்ல மத்த பசங்களோட பயிற்சி, ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு தனியா எழுந்து போய் அதே தடை ஓட்டப் பாதையில ஓடி, ஏறி, தொங்கிப் பழகுவாராம். எந்த நேரமும் எதுவும் நடக்கலாம்னு இருந்த ஒரு சின்னப் பையன், தப்பிக்கணும்னா உடம்பு மட்டும்தான் துணைன்னு புரிஞ்சுக்கிட்டு பண்ண பயிற்சி அது. 1954ல பிரான்ஸ் வந்தார். அப்புறம் பாரிஸ் தீயணைப்புப் படையில சேர்ந்து, கஷ்டமான மீட்பு வேலைக்கெல்லாம் கூப்பிடற ஆளா ஆனார். 1969 ஜனவரியில பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தோட கோபுர உச்சியில யாரோ வியட்காங், அதாவது தென் வியட்நாம் கம்யூனிஸ்ட் போராளிகளோட கொடியைக் கட்டிட்டாங்க, அதை எடுக்க ஹெலிகாப்டர்ல இருந்து கயித்துல தொங்கிப் போனவர் இவர்தான்.

அவர் ஓடின அந்தத் தடை ஓட்டப் பாதைக்கு பிரெஞ்சுல பார்கூர் து கொம்பாத்தான்னு பேர், போர்வீரன் ஓடற பாதைன்னு அர்த்தம். அதுக்குப் பின்னால இருந்த சிந்தனை ஜோர்ஜ் எபேர்ங்கற கடற்படை அதிகாரியோடது, 1875ல பிறந்தவர். நடக்கறது, ஓடறது, தாவறது, நாலு கால்ல போறது, ஏறறது, பேலன்ஸ், தூக்கறது, எறியறது, தற்காப்பு, நீச்சல், மனுஷன் உடம்பு இதையெல்லாம் பண்ணத் தெரிஞ்சிருக்கணும்னு ஒரு முறையை உண்டாக்கி, அதுக்கு இயற்கை முறைன்னே பேர் வச்சார். அவரோட வாசகம் இன்னிக்கும் பார்கூர் ஆளுங்க சொல்றது: "பயன்படறதுக்காக பலமா இரு." இதை வச்சு யோசிச்சுப் பாருங்க, தீயணைப்பு வீரர் ஒருத்தர் ஜன்னல் வழியா உள்ள போறார்னா, போனதும் கால் சுளுக்கிட்டா அவரையும் சேர்த்துக் காப்பாத்தணும். போய்ச் சேர்றது மட்டும் பத்தாது, போய்ச் சேர்ந்தப்புறம் வேலை பாக்கற நிலையில இருக்கணும். லேண்டிங்குக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கற வழக்கம் இந்த எண்ணத்துல இருந்து வந்ததுன்னுதான் நான் நினைக்கறேன்.

டேவிட் பெல் 1973ல பிறந்தவர். பதின்ம வயசுல பாரிஸுக்குத் தெக்க லிஸ், எவ்ரி பக்கம் வந்து சேர்ந்தார். எவ்ரி புதுசாத் திட்டம் போட்டுக் கட்டின ஊர், எங்க பாத்தாலும் கான்க்ரீட், படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், ஒரு கட்டடத்துல இருந்து இன்னொண்ணுக்குப் போற நடைபாலம். வியட்நாம், காங்கோ, செனகல்னு பல ஊர்ல இருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைங்க. காசு குடுத்து க்ளப்ல சேர முடியாத பசங்களுக்கு அந்த ஊரே மைதானம். ஒன்பது பேர் சேர்ந்து 1997ல யமகாசின்னு குழுவுக்குப் பேர் வச்சாங்க, அது காங்கோவுல பேசற லிங்காலா மொழி, பலமான உடம்பு பலமான மனசுங்கற மாதிரி அர்த்தம். யான் நவ்த்ரா, ஷோ பெல், வில்லியம்ஸ் பெல், லோரான் பியேமோந்தேசி, செபாஸ்டியன் ஃபூக்கான் எல்லாம் அதுல இருந்தவங்க. டேவிட்டும் ஃபூக்கானும் பின்னாடி தனித்தனியா பிரிஞ்சு போனாங்க. பிரெஞ்சு வார்த்தையில இருக்கற சி எழுத்துக்குப் பதிலா கே போட்டு பார்கூர்னு எழுதற பேர் 1998 வாக்குல டேவிட் பெல் பக்கத்துல வந்தது, யமகாசி ஆளுங்க அதை இடம்பெயரும் கலைன்னு சொல்வாங்க. பண்றவங்களுக்கு ட்ராசர்னு பேர்.

அந்தக் குழுவுல இருந்து எங்க க்ளாஸ் வரைக்கும் வந்திருக்கற ஒரு பழக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சேர்ந்து ஆரம்பிக்கறோம், சேர்ந்து முடிக்கறோம். கடைசி பத்து நிமிஷம் ஏதாவது கஷ்டமான ஒண்ணு குடுப்பாங்க, படிக்கட்டுல நாலு கால்ல இறங்கறது மாதிரி, அதை முதல்ல முடிச்சவங்க தண்ணி குடிக்கப் போக மாட்டாங்க, திரும்ப வந்து கடைசியா இருக்கற ஆள் கூட சேர்ந்து மறுபடி பண்ணுவாங்க. நான் நிறைய நாள் கடைசி ஆளா இருந்திருக்கேன். அம்பது வயசு தாண்டின ஒரு அம்மா, காலேஜ் பொண்ணு ஒண்ணு, அந்த யாழ்ப்பாணப் பையன், எல்லாரும் நம்மகூட நாலு கால்ல வர்றப்ப பாதியில எழுந்து நிக்க மனசு வராது.

அப்ப மொட்டை மாடி எப்படி உள்ள வந்துச்சு? கேமரா மூலமா. 2003ல பிரிட்டிஷ் டிவி சேனல் ஒண்ணு லண்டன் கட்டடங்க மேல ஃபூக்கானையும் அவர் நண்பர்களையும் ஓட விட்டு ஒரு டாக்குமெண்டரி எடுத்துச்சு, ஃப்ரீ ரன்னிங்ங்கற இங்கிலீஷ் பேரே அப்பதான் பரவுச்சு. 2006ல வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தோட ஆரம்பத்துல கிரேன் மேல துரத்தறாங்களே, அதுல ஓடற ஆளும் ஃபூக்கான்தான். அந்த ஒரு தாவலுக்குப் பின்னால பத்து பதினஞ்சு வருஷப் பயிற்சி இருக்கு, அது ஸ்க்ரீன்ல தெரியாது. அதைப் பாத்துட்டு நேரா மாடிக்குப் போன பசங்கதான் அடிபட்டாங்க. அகலக்கால் வைக்காதன்னு நம்ம பெரியவங்க சொல்றது இங்க அப்படியே நேரடி அர்த்தத்துல பொருந்தும்.

சரி, வால்ட்டுக்கு வர்றேன். தடையைக் கை வச்சுத் தாண்டறது எல்லாமே வால்ட். முதல்ல சொல்லித்தர்றது ஒரு கை, எதிர்ப்பக்கத்துக் கால் ரெண்டையும் பாக்ஸ் மேல வச்சு, இன்னொரு காலை நடுவுல விட்டு இறங்கறது, மெதுவா நடந்து வந்துகூட பண்ணலாம், விழறதுக்கு வாய்ப்பு கம்மி. அப்புறம் வேகமா ஓடி வந்து பக்கவாட்டுல காலை வீசித் தாண்டறது. அப்புறம்தான் எல்லாரும் ஆசைப்படற காங் வால்ட். நாம சின்னப் பிள்ளையில ஆடின பச்சைக்குதிரை ஞாபகம் இருந்தா இது பாதி புரியும், ரெண்டு கையையும் ஊனி மேல போறது ஒண்ணுதான், ஆனா பச்சைக்குதிரையில காலை அகட்டி ரெண்டு பக்கமும் விடுவோம், காங்ல முட்டியை நெஞ்சுக்கு இழுத்து ரெண்டு கைக்கு நடுவுல காலை உள்ள விட்டு வெளிய எடுக்கணும். கால் கடந்து போறதுக்கு முன்னாடி கை தள்ளி விட்டுடணும், இல்லன்னா பாதம் மாட்டும், தலை முன்னால போகும். எனக்கு இதுல ஒன்பதாவது வாரம் வரைக்கும் ஒரு கால் பாக்ஸ்ல தட்டிட்டே இருந்துச்சு. இடுப்பு உயரம் போதுமான அளவு எழலை, பயத்துல கையை பக்கத்துலயே ஊனறேன்னு கோச் கண்டுபிடிச்சார். கொஞ்சம் தள்ளி, பாக்ஸோட நடுவுல சாக்பீஸ்ல கோடு போட்டு, கை அதுக்கு அந்தப் பக்கம் படணும்னார். அதுக்கு அப்புறம் சரியாச்சு.

பயத்தைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா என்னைப் பொறுத்தவரை இந்தப் பயிற்சியோட உயிர் இங்கதான் இருக்கு. ப்ரிசிஷன்னு ஒரு தாவல், நின்ன இடத்துல இருந்து ரெண்டு காலையும் சேர்த்துத் தாவி, குறிச்ச இடத்துல அசையாம நிக்கறது. தரையில சாக்பீஸ்ல ரெண்டு கோடு, நடுவுல ஆறு அடி. பத்துக்குப் பத்து நின்னேன். அதே ஆறு அடி, ரெண்டு முழங்கால் உயரக் குழாய்க்கு நடுவுல வச்சாங்க. தூரம் மாறல, என் கால் பலம் மாறல, ஆனா கால் எழவே இல்ல. கையை ஆட்டறேன், முட்டியை மடக்கறேன், நின்னுடறேன். இருபது நிமிஷம் அப்படியே. கோச் ஊக்கம் குடுக்கறேன்னு கத்தவும் இல்ல, தள்ளவும் இல்ல. பக்கத்துல வந்து என்ன நடக்கும்னு பயப்படறீங்கன்னு கேட்டார். குழாய்ல கால் வழுக்கி முட்டிக்குக் கீழ எலும்புல அடிபடும்னேன். சரி, அப்ப முதல்ல வழுக்கறதைப் பழகலாம்னார்.

அதுக்கு அப்புறம் அந்த நாள் முழுக்க நான் பண்ணது தப்பிக்கற பயிற்சி. வேணும்னே குறைவா தாவி, குழாயை முன்பாதத்தால உதைச்சுப் பின்னால இறங்கறது. வேணும்னே அதிகமாத் தாவி, குழாய் மேல ஒரு கால் வச்சு அப்படியே முன்னால நடந்து இறங்கறது. குறைவா போனா சமாளிக்கறது சுலபம், பாதத்தோட நடுப்பகுதி படற மாதிரி போறதுதான் மோசம், அது வழுக்கும். முன்பாதம் குழாய் மேல, விரல் கொஞ்சம் வெளிய நீட்டிட்டிருக்கணும். இத்தனையும் பண்ணி முடிச்சப்ப பயம் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா பயத்துக்கு உருவம் வந்துடுச்சு, எதுக்கு பயப்படறேன்னு தெரிஞ்சது, அதுக்கு என்ன பண்ணணும்னும் உடம்புக்குத் தெரிஞ்சது. அடுத்த வாரம் வந்து முதல் தடவையிலயே நின்னேன். உடனே இன்னும் ரெண்டு தடவை பண்ணுங்கன்னார், மூணு தடவை நின்னாதான் அந்த ஜம்ப் உங்களோடதுன்னு கணக்கு. ஒரு தடவை நின்னது அதிர்ஷ்டமாவும் இருக்கலாம்ல.

பயம்ங்கறதை தைரியத்தால ஜெயிக்கணும்னு நமக்கு சின்ன வயசுல இருந்து சொல்லிக் குடுத்திருக்காங்க. இங்க அதை ஒரு தகவலா எடுத்துக்கச் சொல்றாங்க. சில நாள் பயம் சொல்றது சரியா இருக்கும், உடம்பு அசந்திருக்கும், குழாய் ஈரமா இருக்கும், அன்னிக்கு இறங்கி வந்துடணும், இறங்கி வர்றவங்களை க்ளாஸ்ல யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. இந்தப் பழக்கம் இல்லாத இடத்துல பசங்க ஒருத்தனை ஒருத்தன் உசுப்பேத்தித்தான் கை காலை உடைச்சுக்கறாங்க.

சுவர் ஏறறது, தொங்கறது எல்லாம் இருக்கு, சுருக்கமா சொல்லிடறேன். சுவர்ல தாவித் தொங்கறப்ப கால் முதல்ல படணும், அப்புறம் கை, இல்லன்னா உடம்பு போய் அறையும். சுவர்ல ஓடி ஏறறப்ப முதல் காலை இடுப்பு உயரத்துல வச்சு மேல் நோக்கி உதைக்கணும், சுவருக்குள்ள உதைச்சா பின்னால தள்ளிடும். தொங்கற இடத்துல இருந்து மேல ஏறி நிக்கறதுக்கு கை பலம் நிறைய வேணும், எனக்கு இன்னும் வரல, வாரத்துக்கு மூணு நாள் வீட்டுல புல் அப் பண்ணிட்டிருக்கேன்.

ஏன் மூணு மாசம்னு கேட்டா அதுக்கு உடம்புப் பக்கத்துல இருந்தும் ஒரு காரணம் இருக்கு. தசை சீக்கிரம் பலமாகும், சில வாரத்துலயே வித்தியாசம் தெரியும். தசையை எலும்போட கட்டி வச்சிருக்கற தசைநாண் அப்படி இல்ல, அதுக்கு ரத்த ஓட்டம் குறைவு, பழகறதுக்கு மாசக்கணக்கு ஆகும், எலும்பும் தன்னைப் புதுப்பிச்சுக்க மாசக்கணக்குல எடுத்துக்கும். அதனால ரெண்டாவது மாசம்தான் புதுசா வர்றவங்களுக்கு மோசமான காலம், தசை தயார்னு சொல்லும், தசைநாண் தயாரா இருக்காது. எங்க செட்ல நல்லா ஓடற ஒரு பையன் அந்த நேரத்துல வாரத்துல அஞ்சு நாள் தாவிப் பழகி, முட்டிச் சில்லுக்குக் கீழ வலி வந்து ரெண்டு மாசம் உக்காந்துட்டான். ஆறாவது வாரம் நானும் க்ளாஸை ரெண்டு நாளா ஆக்கலாம்னு கேட்டேன், வேணாம், ரெண்டாவது நாள் நாலு கால் நடையும் பேலன்ஸும் மட்டும் பண்ணுங்கன்னுட்டாங்க. அது சரியான பேச்சுன்னு இப்ப புரியுது.

ஜிம்ல கத்துக்கறது நிஜ பார்கூரா இல்லையான்னு பழைய ஆளுங்க நடுவுல ஒரு வாதம் உண்டு. அவங்க சொல்றதுல உண்மை இருக்கு, மேல சொன்ன மாதிரி மெத்தை தப்பை மறைக்கும், பாக்ஸ் எல்லாம் அளந்து வச்ச மாதிரி சமமா இருக்கும், வெளிய ஒரு சுவர் மாதிரி இன்னொரு சுவர் இருக்காது. இன்னொரு பக்கம், வெளிய மட்டும் பண்றதுன்னா அது பெரும்பாலும் பதினாறு வயசுப் பசங்களோட உலகமாவே இருந்திருக்கும். மழை, இருட்டு, செக்யூரிட்டி வந்து விரட்டறது, இதெல்லாம் இல்லாத ஒரு இடம் இருந்ததாலதான் அந்த அம்பது வயசு அம்மா வந்தாங்க, நான் வந்தேன். நல்ல க்ளாஸ்ங்கறது க்ராஷ் மேட்டை சீக்கிரம் ஓரமா ஒதுக்கற க்ளாஸ்னு நான் நினைக்கறேன், சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் போய் உக்காந்து பாருங்க, முதல் நாள் வந்தவங்களை நெஞ்சு உயரத்துல இருந்து மெத்தையில குதிக்க விட்டா அங்க சேர வேணாம். கோச்சுக்கு சர்டிபிகேட் இருக்கான்னு கேளுங்க, இங்க பார்கூர் கோச்சுங்களுக்குன்னே தனியா பயிற்சியும் தேர்வும் இருக்கு.

போட்டி விஷயமும் அதே மாதிரிதான் ஓடிட்டிருக்கு. பிரிட்டன் 2017ல பார்கூரை ஒரு விளையாட்டா அங்கீகரிச்சுது, உலகத்துலயே முதல் நாடு. சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு இதைத் தன்னோட பிரிவா எடுத்துக்கிட்டு 2022ல டோக்கியோவுல முதல் உலக சாம்பியன்ஷிப் நடத்துச்சு, பல நாட்டு பார்கூர் அமைப்புங்க அதை ஏத்துக்கல, எங்க பயிற்சியை எங்களைக் கேக்காம எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்றாங்க. என் மனசு அவங்க பக்கம்தான்.

ஷூ பத்தி நிறைய பேர் கேப்பாங்க. மொத்தமான மெத்து வச்ச ரன்னிங் ஷூ வேணாம், பாதத்துக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியாது. மெலிசான, தட்டையான, ரப்பர் நல்லா பிடிக்கற ஷூ போதும். ஒரு காலத்துல டெகத்லான்ல வித்த மலிவான கலெஞ்சி ஷூதான் பாதி ட்ராசருங்க காலுல இருந்துச்சு.

பதிமூணாவது வாரம் எங்களை முதல் தடவையா வெளிய கூட்டிட்டுப் போனாங்க. லண்டன்ல வாக்ஸால் பக்கம் இருக்கற சுவருங்க பார்கூர் ஆளுங்களுக்குப் பிரபலம், அங்க இல்ல, க்ளாஸுக்குப் பக்கத்துல இருக்கற ஒரு சின்னப் பூங்கா, முழங்கால் உயரச் செங்கல் சுவர், ஒரு கைப்பிடி, நாலு படி. அதுக்கு முந்தின நாள் மழை பெஞ்சிருந்துச்சு. போனதும் ஓட ஆரம்பிப்போம்னு நினைச்சேன், கால் மணி நேரம் எல்லாரும் சுவரைத் தொட்டுப் பாத்துட்டிருந்தாங்க. உள்ளங்கையால தடவி பாசி இருக்கான்னு பாக்கறது, விளிம்புச் செங்கல்லை ஆட்டிப் பாக்கறது, கைப்பிடியை உதைச்சு அசையுதான்னு பாக்கறது, இறங்கற இடத்துல கண்ணாடிச் சில்லு கிடக்கான்னு குனிஞ்சு பாக்கறது. வடக்குப் பக்கச் சுவர் ஓரத்துல நாலாவது செங்கல் ஆடுச்சு. அந்த யாழ்ப்பாணப் பையன் சாக்பீஸை எடுத்து அதுல ஒரு பெருக்கல் குறி போட்டுட்டு, "இதுல ஒருத்தரும் கால் வைக்காதேங்கோ"ன்னுட்டு அடுத்த செங்கல்லுக்குப் போனான்.